ஃபிராங்கோ: மக்களின் பாடகரா, மொபுட்டுவின் பாடகரா?

தெருப்பாடகன்:

போன வாரம் உலக இசைப் பகுதியில் ஒரு பதிவு வந்தது. காங்கோவின் ஃபிராங்கோவை 'சர்வாதிகாரத்துக்கு எதிராகக் கிதார் ஏந்தியவர்' என்று அறிமுகப்படுத்தி நாலு பாட்டு கொடுத்திருந்தார்கள். பாட்டெல்லாம் அருமை. அறிமுகம்தான் உறுத்துகிறது. அங்கேயே பேசினால் பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குத் தொந்தரவு என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிரான்சுவா லுவாம்போ மக்கியாடி என்பது பெயர். பெல்ஜியக் காங்கோவின் சோனா பாட்டா என்ற ஊரில் 1938 ஜூலை 6இல் பிறந்தவர். 1956இல் 'ஓகே ஜாஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அதன் தலைவர், கடைசியில் அதன் முதலாளி. ஆயிரம் பாட்டுக்கு மேல் என்று சொல்வார்கள். 1989 அக்டோபர் 12இல் பெல்ஜியத்தின் நாமூர் நகரில் 51 வயதில் இறந்தார்.

அந்த அறிமுகத்தில் வராத பகுதி இது. ராணுவத் தளபதி மொபுட்டு 1965 நவம்பரில் ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். 1970இல் ஒரு தேர்தல் வைத்தார். நின்றவர் அவர் ஒருவர்தான். பச்சைச் சீட்டு போட்டால் சம்மதம், சிவப்புச் சீட்டு போட்டால் மறுப்பு. அந்தச் சமயத்தில் ஃபிராங்கோ பாடியது 'வோத்தே வேர்', அதாவது பச்சைக்கு வாக்களியுங்கள். ஐந்தாண்டு ஆட்சியைக் கொண்டாடி இன்னொரு பாட்டு, 'சாங்க் ஆன் எகோகி'. 1971இல் நாட்டின் பெயரை ஜயர் என்று மாற்றி, 1972இல் ஐரோப்பியப் பெயர்களை எல்லோரும் விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் கொள்கைக்கும் பாட்டு. 1984இல் மறுபடி ஒரே வேட்பாளர் தேர்தல். மறுபடி ஃபிராங்கோ, 'கன்டிடா ந பிஸோ மொபுட்டு'. எங்கள் வேட்பாளர் மொபுட்டு.

இவரை எதிர்ப்புக் கலைஞர் என்று சொன்னால், அந்த ஆட்சியை உண்மையாகவே எதிர்த்துச் சிறையிலும் நாடுகடத்தலிலும் அழிந்தவர்களை என்னவென்று சொல்வது?

பழையஇசைத்தட்டு:

தம்பி, நீங்கள் சொன்ன பாட்டுகள் எல்லாம் உண்மை. என்னிடமே அதில் சில இருக்கின்றன. ஆனால் 1970இல் கதையைத் தொடங்கினால் அந்த மனிதர் யார் என்றே தெரியாமல் போகும்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஃபிராங்கோ சிறு பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா லெயோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், இங்கிரி இங்கிரி பகுதிச் சந்தையில் மிகாதே விற்றார். மாவை உருட்டி எண்ணெயில் பொரிக்கிற பண்டம். பள்ளிக்கூடம் நின்று போனது. பையன் தகர டப்பாவில் கம்பியைக் கட்டி ஒரு கிதார் செய்துகொண்டு அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். வாசிப்பைக் கேட்டு நின்றவர்கள் மிகாதே வாங்கினார்கள். எபெங்கோ தெவாயோன் என்ற அண்டைவீட்டுக் கிதார்க்காரர்தான் முறையாகச் சொல்லிக்கொடுத்தவர்.

அந்தக் காலத்தில் கிரேக்க வணிகர்கள் அங்கே ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று லோனிங்கிசா. 1953இல் பதினைந்து வயதில் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ஆன்றி போவானே என்ற கிதார்க் கலைஞர்தான் ஃபிராங்கோ என்று பெயர் வைத்தார். 1956 ஜூனில், பதினெட்டு வயது நிறையும் முன்பே, ஓகே பாரில் வாசிக்கிற குழு ஒன்று உருவாகிறது. பாரின் பெயரே குழுவின் பெயர். 'ஓகேயாக உள்ளே வா, நாக் அவுட்டாகி வெளியே போ' என்பது அவர்கள் முழக்கம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே ஊரில் ஜோசப் கபசேலேயின் 'ஆப்பிரிக்கன் ஜாஸ்' குழு படித்தவர்களின் குழுவாக இருந்தது. 1960இல் பிரசல்ஸில் விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்தபோது 'அந்தப்பான்தான்ஸ் சா சா', அதாவது விடுதலை சா சா, பாடியவர்கள் அவர்கள். அதற்கு ஓகே ஜாஸிலிருந்து இரண்டு பேரை அழைத்துப் போனார்கள். ஃபிராங்கோவை அழைக்கவில்லை. அவர் சந்தையின் பிள்ளை. அவருடைய பாட்டில் வருவது வாடகை, கணவன் மனைவி சண்டை, பொறாமை, கடன். மக்கள் பாடகர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. மொபுட்டு ஆட்சிக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே வந்துவிட்டது.

தெருப்பாடகன்:

ஐயா, மக்களிடமிருந்து வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்த பிறகு யார் பக்கம் நின்றார் என்பதுதான் கேள்வி.

பழையஇசைத்தட்டு:

சரி, அதற்கே வருகிறேன். 1966 ஜூன் 2. முன்னாள் பிரதமர் எவரிஸ்த் கிம்பாவையும் வேறு மூன்று முன்னாள் அமைச்சர்களையும் மொபுட்டு கின்ஷாசாவில் பொது இடத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் பார்க்கத் தூக்கில் போட்டார். சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை அவசர அவசரமாக முடிந்தது.

அதை ஒட்டி ஃபிராங்கோ பாடியது 'லுவும்பு என்டோகி'. லுவும்பு என்ற சூனியக்காரன். சொந்த பந்தங்களையே தின்கிறவன். பாடியது கிகோங்கோ மொழியில், பழைய நாட்டார் பாட்டின் சாயலில். யாருடைய பெயரும் இல்லை. ஆனால் நகரத்தில் கேட்டவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அரசுக்கும் தேவைப்படவில்லை. பாட்டுக்குத் தடை வந்தது. அவர் விசாரணைக்கு இழுக்கப்பட்டு, பிறகு ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் பிராசாவில்லில் சில காலம் இருந்தார்.

27, 28 வயது. ஆட்சி தொடங்கி ஆறு மாதம். தூக்குக் கயிறு எல்லோர் கண்ணிலும் இருக்கிற நேரம். அப்போது அந்தப் பாட்டைப் பாடியவரை வெறும் அரண்மனைப் பாடகர் என்று தள்ளிவிட முடியுமா?

வடலி:

நான் இருக்கிறது பாரிஸில. லா ஷப்பலில எங்கட கடையள் முடியிற இடத்தில இருந்து கொஞ்சம் நடந்தா ஷாத்தோ ரூஜ். அங்க முழுக்க ஆபிரிக்கக் கடையள். துணிக்கடை வைச்சிருக்கிற கின்ஷாசாக்காரர் ஒருத்தரோட எனக்குப் பழக்கம். அறுபது வயதுக்கு மேல. அவரிட்ட இந்த இழையைப் பற்றிக் கதைச்சனான்.

அவர் சொன்னது: மொபுட்டு காலத்தில பள்ளிக்கூடத்தில, கந்தோரில, எல்லா இடத்திலயும் கட்சிக்காகப் பாடி ஆட வேணும். தொலைக்காட்சியில செய்தி தொடங்க முதல் மொபுட்டுவின்ர முகம் மேகத்துக்குள்ள இருந்து இறங்கி வரும். பாடாத ஆள் எண்டு அந்த நாட்டில ஒருத்தரும் இல்லை. மற்றப் பெரிய பாட்டுக்காரர் தபு லே ரோஷரோவும் புகழ்ந்து பாடினவர்தான். அதால ஃபிராங்கோ பாடினதை அவையள் ஒரு பெரிய விசயமா எடுக்கிறதில்லையாம். வரி கட்டுற மாதிரி அது.

அண்ணை, தூர இருந்து பார்க்கிற எங்களுக்கு அது பெரிய பிழையாத் தெரியுது. அதுக்குள்ள வாழ்ந்த ஆள் 'மாரியோ' பாட்டைத்தான் முதலில ஞாபகப்படுத்துறார்.

தெருப்பாடகன்:

வடலி, உங்கள் நண்பர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் 'வரி' என்ற உவமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரி கட்டியவருக்குத் திரும்ப எதுவும் கிடைக்காது. ஃபிராங்கோவுக்குக் கிடைத்தது.

1973 நவம்பர் 30இல் மொபுட்டு வெளிநாட்டவர் தொழில்களைக் கையகப்படுத்தி வேண்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்க ஆரம்பித்தார். அந்தப் பங்கீட்டில் மசாடிஸ் என்ற இசைத்தட்டு ஆலை ஃபிராங்கோ கைக்கு வந்தது. இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் இன்னொரு குழு வைத்திருக்கிறீர்கள். உங்கள் பாட்டு தட்டாக அச்சாக வேண்டும் என்றால் உங்கள் போட்டியாளரின் ஆலைக்குப் போய் நிற்க வேண்டும். இசைக்கலைஞர் சங்கத் தலைமையும் அவரிடமே. மத்தோங்கே பகுதியில் 'ஆன் தூ த்ருவா' என்ற பெரிய இரவு விடுதியும் அவருடையது. 1980இல் அரசே 'மாபெரும் ஆசான்' என்று பட்டம் கொடுத்தது.

பயத்தில் பாடினார் என்றால் புரிந்துகொள்வேன். அவர் ஆட்சியின் பங்குதாரராகப் பாடினார்.

மீட்டல்:

ஆலை, பட்டம், தேர்தல் எல்லாம் பேசியாகிவிட்டது. ஒருவராவது அந்த விரல்களைப் பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். கிதார் வாசிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முப்பதுகளிலிருந்து கியூபாவின் சோன் இசைத்தட்டுகள் காங்கோவுக்குள் வந்தன. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு போன தாளம் தட்டில் ஏறித் திரும்பி வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த முதல் தலைமுறை ஸ்பானிய மொழியைப் பாதி புரிந்தும் புரியாமலும் பாடியது. கியூபக் குழுக்களில் பியானோ செய்த வேலையைக் கின்ஷாசாவில் கிதார் எடுத்துக்கொண்டது.

அங்கே இரண்டு பள்ளிகள் உண்டு. ஆப்பிரிக்கன் ஜாஸ் குழுவின் 'டாக்டர் நிக்கோ' கசாண்டா ஒரு பள்ளி: வழுவழுப்பு, நீண்ட இழைப்பு, ஒவ்வொரு சுரமும் மெருகேற்றியது. ஃபிராங்கோ இன்னொரு பள்ளி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இரண்டு தந்திகளை ஒரே நேரத்தில் சுண்டும். ஒற்றைச் சுரமாக ஓடாமல் இரண்டிரண்டாக வரும். ஒரே சிறு சொற்றொடரை எடுத்துத் திரும்பத் திரும்ப அடிப்பார், ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுவார். கேட்கும்போது எளிது போலிருக்கும். வாசித்துப் பாருங்கள், நாலு சுற்றில் கை இடறும்.

பாட்டின் முதல் பாதி மெதுவாகக் கதை சொல்லும். பிறகு சொற்கள் ஒதுங்கி, கிதார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆட்டத்துக்குள் இறங்கும். அதற்கு செபேன் என்று பெயர். இன்றைக்குக் காங்கோ இசை என்று உலகம் ஆடுவது பெரும்பாலும் அந்தச் செபேன் பகுதியைத்தான். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த இசையை, அதாவது காங்கோ ரும்பாவை, மனிதகுலத்தின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு காங்கோ நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்தன.

'அஸ்டா' என்ற 1973ஆம் வருடப் பாட்டைக் கேளுங்கள். அது ஃபோக்ஸ்வாகன் கார் விற்ற நிறுவனத்துக்கான விளம்பரப் பாட்டு. பல்லவியே 'வே வே, வே வே' என்று கார் முத்திரையின் எழுத்துகள்தான். சொல்லில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் குரல் அடுக்கும் கீழே ஓடும் கிதாரும் ஆப்பிரிக்கா முழுக்க ஆட வைத்தன. சொல்லின் தரத்தை வைத்து மட்டும் இவரை எடை போட்டால் முக்கால் பங்கு கணக்கில் வராது.

மணற்கேணி:

மீட்டல் சார் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் சொற்களை ஒதுக்கிவிட முடியாது. அவர் பாடிய லிங்காலா மொழி தெரிந்த மக்கள் அவரை வார்த்தைக்காகத்தான் தேடிப்போய்க் கேட்டார்கள்.

நான் பேச வந்தது 1978 கைது பற்றி. 'அரசால் சிறையிலடைக்கப்பட்ட கலைஞர்' என்று போன வாரப் பதிவிலும் போட்டிருந்தார்கள். எதற்காகச் சிறை? 'எலேன்', 'ஜாக்கி' என்ற இரண்டு பாட்டுகளுக்காக. தணிக்கைக்குக் காட்டாமல் ஒலிநாடாவாக விற்றார்கள். அரசியல் ஒரு வரி கிடையாது. இரண்டும் பெண்களைப் பற்றிய ஆபாசப் பாட்டுகள். ஃபிராங்கோவும் குழுவினர் பலரும் உள்ளே போனார்கள், தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள்.

பாட்டுக்காக ஒருவரைச் சிறையில் போடுவது தவறு. அதை எந்த அரசு செய்தாலும் தவறு. ஆனால் அதை அரசியல் தியாகமாக மாற்றி எழுதும்போது, அந்தப் பாட்டுகளில் இழிவுபடுத்தப்பட்ட பெண் கதையிலிருந்தே காணாமல் போகிறாள். எழுபதுகளில் அவர் பாடிய எத்தனையோ பாட்டுகளில் பெண் என்றால் ஏமாற்றுக்காரி, காசுக்கு அலைகிறவள், அடுத்தவள் புருஷனை வளைக்கிறவள். 'மக்கள் பாடகர்' என்கிறபோது அந்த மக்களில் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்கத்தான் வேண்டும்.

பழையஇசைத்தட்டு:

அம்மா, 1978 பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஒலிநாடாவை நானும் தேடிப் போகவில்லை.

பெண்களைப் பற்றிய மற்றப் பாட்டுகளில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 1985இல் வந்த 'மாரியோ' யாருடைய குரல்? வசதியான, வயதில் மூத்த ஒரு பெண் பேசுகிறாள். அவள் காசில் தின்று, அவள் வீட்டில் தூங்கி, அவள் காரை ஓட்டி, அவளையே அடிக்கிற ஓர் இளைஞனை வெளியே போ என்கிறாள். ஐந்து பட்டம் வைத்திருக்கிறாயே, ஒரு வேலை தேடிக்கொள்ளக் கூடாதா என்கிறாள். மதிலு சிஸ்டமும் ஃபிராங்கோவும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கின்ஷாசாச் சந்தையில் வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கிய பெண்களுக்கு அது சொந்தப் பாட்டானது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெண்ணின் காசில் வாழ்கிற ஆணுக்கு மாரியோ என்றே பெயர் வந்துவிட்டது.

மிகாதே விற்றுப் பிள்ளை வளர்த்த அம்மாவின் மகன் அந்தப் பெண்ணின் சலிப்பை அறிந்து பாடினார் என்று நான் நம்புகிறேன்.

மணற்கேணி:

'மாரியோ' எனக்கும் மிகப் பிடிக்கும் ஐயா. ஆனால் அதிலும் பெண்ணின் குரலைப் பாடுவது ஆண்கள்தான். முப்பதுக்கு மேல் ஆள் இருந்த குழு அது. எண்பதுகளில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஐரோப்பாவிலும் ஒரு பாதியை கின்ஷாசாவிலும் வைத்திருந்தார். முன்வரிசைப் பாடகர்கள் என்று நாம் சொல்கிற பெயர்கள் எல்லாம் ஆண்கள்: விக்கி லொங்கொம்பா, சாம் மங்வானா, என்டொம்பே, ஜோஸ்கி, மதிலு. அதே காலத்தில் தபு லே தன் குழுவில் எம்பிலியா பெல்லை முன்னால் நிறுத்திப் பாட வைத்தார். அந்தம்மா நாட்டின் பெரிய நட்சத்திரமே ஆனார். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தெருப்பாடகன்:

மணற்கேணி தொட்ட குழு விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். பாட்டெழுதியதில் பாதிப் புகழ் சிமாரோ லுதும்பாவுக்குப் போக வேண்டும். 1961இல் சேர்ந்து கடைசிவரை இருந்தவர். 'மபேலே' அவருடையது, பாடியவர் மங்வானா. வெளியுலகில் எல்லாமே ஃபிராங்கோ பாட்டு என்றே ஓடுகிறது. சாக்ஸபோன்காரர் வெர்க்கிஸ் 1969இல் பிரிந்து தனிக்குழு, தனி நிறுவனம் என்று போனார். ஃபிராங்கோ இறந்த பிறகு நாலைந்து வருஷம் ஓட்டிப் பார்த்தார்கள். குடும்பத்தோடு பணத் தகராறு வந்து 1993இல் உடைந்தது. சிமாரோ 'பானா ஓகே' என்று வேறு பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று. ஒருவர் கையில் எல்லாமே இருந்தால் அவருக்குப் பிறகு இப்படித்தான் ஆகும். நாட்டிலும் அதுதான் நடந்தது.

மீட்டல்:

நாட்டோடு ஒப்பிடுவது அதிகம் நண்பரே. பிரிந்து போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். மங்வானா பிரிந்து சொந்தமாகப் பெயர் வாங்கிய பிறகும் எண்பதுகளில் ஃபிராங்கோவோடு சேர்ந்து தட்டு போட்டார். பெரிய போட்டியாளரான தபு லேயே 1983இல் சேர்ந்து பாடினார். அடக்கி ஆண்டவரிடம் இப்படித் திரும்பி வருவார்களா? அந்தக் குழுவில் இருந்தால் சம்பளம் வரும், கருவி இருக்கும், ஒலிப்பதிவு நடக்கும். அந்த ஊரில் அப்போது அது சாதாரணம் இல்லை.

வடலி:

தெருப்பாடகன் அண்ணை, உங்களுக்கு ஒரு கேள்வி. 'தய்யர்' பாட்டைக் கேட்டனீங்களா? தையல்காரன் எண்டு அர்த்தம். ஊசியின்ர சொந்தக்காரன் ஊசியைத் திருப்பி வாங்கிப்போட்டான், இனி நீ எதால தைப்பாய் எண்டு கேக்கிற பாட்டு. 1978இல ஃபிராங்கோவை உள்ள போட்டபோது அரச வழக்குத்தொடுநராக இருந்தவர் கெங்கோ வா தொந்தோ. பிறகு அவர் பதவி இழந்தார். அந்த நேரத்தில வந்த இந்தப் பாட்டு அவருக்குத்தான் எண்டு ஊருக்கே தெரியும். பெயர் சொல்லாமல் ஆளைக் குத்துறதை லிங்காலாவில எம்ப்வாகேலா எண்டு சொல்லுவினம். கடைக்கார நண்பர் இதைச் சிரிச்சுச் சிரிச்சுப் பாடிக் காட்டினவர்.

நேரா எதிர்க்க ஏலாத இடத்தில இப்பிடித்தானே செய்யலாம்?

தெருப்பாடகன்:

கேட்டிருக்கிறேன் வடலி. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்தப் பாட்டில் அடி வாங்குவது யார்? பதவி போன அதிகாரி. ஊசியைத் திருப்பி வாங்கியது யார்? மொபுட்டு. மொபுட்டுவின் ஆட்சிமுறையே அதுதான்: ஒருவரை ஏற்றுவார், அவர் சொந்தக்காலில் நிற்கிற அளவுக்கு வளரும் முன் இறக்குவார், பிறகு மன்னித்து மறுபடி ஏற்றுவார். கெங்கோவே 1982இல் பிரதமராக வந்தார். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் பாட்டு, விழவைத்தவனுக்கு எந்தத் தொந்தரவும் தராது. மக்களின் கோபம் முழுவதும் அமைச்சர் மேலும் அதிகாரி மேலும் போகும், மேலே இருப்பவர் நல்லவர், கீழே இருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்று ஆகும். ஒரு சர்வாதிகாரிக்கு இதைவிட உதவியான பாட்டு உண்டா?

பழையஇசைத்தட்டு:

அப்படியும் கேட்கலாம். ஆனால் கேட்டவர்கள் அப்படி மட்டும் கேட்டார்களா?

ஊசி சொந்தமில்லை என்று ஒரு பாட்டு சொன்னால், பெரிய பெரிய பதவியில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் ஊசியைத் தடவிப் பார்ப்பார்கள். நாட்டில் ஒருவனுக்கும் எதுவும் சொந்தமில்லை, எல்லாம் ஒரே ஆள் கொடுத்த இரவல் என்று பாட்டே சொல்லிவிட்டது. பத்திரிகை அதை எழுத முடிந்ததா? நாடாளுமன்றம் பேச முடிந்ததா? பாரில் பியர் குடித்துக்கொண்டு அதை எல்லோரும் சேர்ந்து பாட முடிந்தது. ஃபிராங்கோவின் மனதில் மொபுட்டுவைக் குத்தும் எண்ணம் இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாட்டு அந்த ஆட்சியை உள்ளபடி படம் பிடித்திருக்கிறது என்பதை நீங்களே இப்போது எழுதிக் காட்டினீர்கள்.

தெருப்பாடகன்:

படம் பிடித்ததை மறுக்கவில்லை ஐயா. 'ஊசி இரவல்' என்ற செய்தியை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல மொபுட்டுவே விரும்பியிருப்பார் என்கிறேன். அதனால்தான் அந்தப் பாட்டுக்குச் சிறை இல்லை. 1966இல் 'லுவும்பு என்டோகி'க்குத் தடை. 'தய்யர்' வானொலியில் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நான் சரிவு என்று சொல்கிறேன். சூனியக்காரனைப் பற்றிப் பாடிய அதே மனிதர், 1984இல் மொபுட்டுவுக்காகப் பாடும்போது சூனியக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று பாடுகிறார். இம்முறை சூனியக்காரர்கள் யார் என்றால், மொபுட்டுவை எதிர்க்கிறவர்கள். பதினெட்டு வருஷத்தில் அந்த ஒரு சொல் பக்கம் மாறிவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. நான் அவரை வெறுக்கிறவன் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து கேட்கிறவன்.

மணற்கேணி:

இது முக்கியமான கவனிப்பு. ஆனால் 1984 என்ற ஒரே வருடத்தில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். 'கன்டிடா' வந்தது. 'மாமு' வந்தது: கணவன் ஐரோப்பாவில் உழைத்துக் காசு அனுப்ப, இங்கே மனைவியின் நடத்தை பற்றி இரண்டு தோழிகள் மோதிக்கொள்ளும் பாட்டு. 'த்ரே அம்போலி' வந்தது: அடுத்தவர் வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றி நாறும் காலுறையோடு உட்காருகிறவன், கேட்காமல் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவன் என்று மரியாதை கெட்டவர்களை ஒவ்வொருவராக நிறுத்தித் திட்டும் பாட்டு.

ஒரே ஆண்டில், ஒரே மனிதர். சரிந்துகொண்டே போனார் என்ற கோடு எனக்குப் பொருந்தவில்லை. அதிகாரம் என்று வந்தால் வளைந்தார். மனிதர்கள் என்று வந்தால் கண் கூர்மையாகவே இருந்தது.

1987இல் 'அத்தான்சியோன் ந சிடா' பாடினாரே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எய்ட்ஸ் என்ற பேச்சை எடுக்கவே ஆப்பிரிக்காவின் பல அரசுகள் தயங்கிய நேரம். கால் மணி நேரப் பாட்டு. ஆட்டத்துக்கு அவசரப்படாமல், பெரும்பகுதியைப் பேச்சு போலவே சொல்கிறார். மாணவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், அரசுகள் என்று ஒவ்வொருவரையும் விளித்துப் பேசுகிறார். நோயாளியைக் கைவிடாதீர்கள் என்கிறார். பாதியைப் பிரெஞ்சில் சொல்கிறார், லிங்காலா தெரியாத நாடுகளுக்கும் போக வேண்டும் என்று. பெண்களைத் திட்டிப் பாடிய அந்தப் பழைய குரலை இதில் காணோம். யாரையும் குற்றவாளியாக்காமல் பேசுகிறார். எழுபதுகளின் பாட்டுகளுக்காக அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் போகவில்லை. இந்தப் பாட்டுக்கான மரியாதையும் குறையவில்லை.

பழையஇசைத்தட்டு:

அவர் இறந்தபோது நான்கு நாள் தேசிய துக்கம். வானொலி முழுக்க அவர் பாட்டு. அரசு அறிவித்த துக்கம்தான், தெருப்பாடகன் அதைச் சொல்வார் என்று தெரியும். ஆனால் கின்ஷாசாத் தெருவில் திரண்ட கூட்டத்தை எந்த அரசும் ஆணையிட்டு அழ வைத்திருக்க முடியாது.

வடலி:

சரி, புதுசாக் கேக்க வாறவைக்கு ஒரு பட்டியல் போடுவமே. என்ர வரிசை: லுவும்பு என்டோகி, அஸ்டா, மபேலே, தய்யர், த்ரே அம்போலி, மாமு, மாரியோ, அத்தான்சியோன் ந சிடா. போன கிழமைப் பதிவுக்குக் கீழ இதைப் போட்டுவிடலாம்.

மீட்டல்:

இவற்றுக்கு முன் ஐம்பதுகளின் லோனிங்கிசா பதிவுகளில் இரண்டு பாட்டாவது வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்குள் அந்தக் கிதார் எப்படி நுழைந்து வெளியேறுகிறது என்று தெரியாமல் பதினெட்டு நிமிடப் பாட்டுக்கு வரக் கூடாது. தேர்ந்தெடுத்து நாளைக்குத் தருகிறேன்.

தெருப்பாடகன்:

வரிசை நன்றாக இருக்கிறது வடலி. ஆனால் 'கன்டிடா ந பிஸோ மொபுட்டு' இல்லாமல் போட்டால் நான் கீழே எதிர்ப்பு எழுதுவேன். 'தய்யர்' பாட்டுக்கு அடுத்து அதை வையுங்கள். கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

மணற்கேணி:

நான் இதற்கு ஆதரவு. அதோடு, 1978 சிறை பற்றி அந்தப் பதிவில் இருக்கும் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லி பதிவிட்டவருக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

பழையஇசைத்தட்டு:

'கன்டிடா' பாட்டை அறிமுகப் பட்டியலில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முதல்முறை கேட்க வருகிறவருக்கு ஒரு தேர்தல் பிரசாரத்தை எதற்குத் தர வேண்டும்? வேண்டுமானால் இந்த இழையின் இணைப்பைக் கீழே கொடுங்கள், படித்துவிட்டுத் தேடிப் போகட்டும்.

வடலி:

அப்ப ரெண்டு பட்டியலாப் போடுறன். ஒண்டு கேக்கிறதுக்கு, மற்றது வாதாடுறதுக்கு. மீட்டல் அண்ணை, உங்கட ரெண்டு பாட்டும் நாளைக்கு வந்தாப் பிறகுதான் போடுவன்.